கல் அடுக்கிய பாதை

அன்புள்ள ஐயா,

மஸ்கட்டில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சர்வேயராக இருக்கிறேன். வயது 27. அறையில் எட்டுப் பேர். மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜபல் ஷம்ஸ் மலைக்குப் போய், பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்லும் பால்கனிப் பாதையில் தனியாக நடந்தேன். மனிதத் தடமே இல்லாத வெறுமை. நம் பாலைத் திணை இதுதானோ என்று தோன்றியது. அரேபியாவின் கிராண்ட் கேன்யன் என்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். பதினொரு மணிக்குத்தான் நடக்கத் தொடங்கினேன், அதனால் படங்களில் வெளிச்சம் சரியாக அமையவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் தீர்ந்துபோனதால் பாதியிலேயே திரும்பிவிட்டேன். அடுத்த முறை கீழே வாதியிலேயே கூடாரம் போட்டுத் தங்கி விடியற்காலையில் எடுக்கலாம் என்றிருக்கிறேன். பதினோரு படங்கள் இணைத்துள்ளேன். என்னிடம் இருப்பது பழைய கேமராவும் அதோடு வந்த லென்ஸும்தான். இந்த மாதிரி இடங்களுக்கு அகலமாகக் காட்டும் வைடு லென்ஸ் வாங்கலாமா, தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி வாங்கலாமா? நீங்கள் அங்கே வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமேல் பழைய நெகட்டிவ்கள் கிடந்தன. மகள் ஒரு ஸ்கேனர் வாங்கித் தந்திருக்கிறாள். இரண்டு வாரமாக ஒவ்வொரு சுருளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு சுருள், 1998 டிசம்பரில், நீங்கள் நின்ற அதே விளிம்பில் நின்று எடுத்தது. முப்பத்தாறு படம். அந்தச் சுருள் என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்த வாரத்தில்தான் நீங்கள் எழுதினீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன்.

மே மாதத்தில், பதினொரு மணிக்கு, ஒரு பாட்டில் தண்ணீரோடு, தனியாக. என்ன தம்பி இது? மஸ்கட்டில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாளில் மேலே பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக இருக்கும். அந்தக் குளிர்ச்சிதான் ஆளை ஏமாற்றும். காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை தோலுக்கு வந்ததும் காய்ந்துவிடும், சட்டை நனையாது, உடம்பிலிருந்து தண்ணீர் போவதே தெரியாது. வெயிலில் ஏறி இறங்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் திரும்பினீர்களே, அந்தப் பயணத்தில் நீங்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது.

வாதியில் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம். வாதி என்பது தண்ணீர் வராத நாளில் காட்டாறு கிடக்கும் கிடப்பு, அவ்வளவுதான். தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும், எங்கோ கண்ணுக்கெட்டாத மலையில் மழை கொட்டியிருக்கும், பாறையில் ஒரு துளியும் ஊறாமல் அத்தனையும் உங்கள் கூடாரத்துக்குத்தான் வரும். 2024 ஏப்ரல் வெள்ளத்தில் பள்ளிப் பிள்ளைகள் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். ஓமானில் இருந்துகொண்டு இதை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? மேலே விளிம்புக்குத் தள்ளிச் சமதளம் இருக்கிறது, அங்கே போடுங்கள். அக்டோபருக்குப் பிறகு போங்கள். டிசம்பர், ஜனவரி இரவில் அங்கே தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிரும், கம்பளி வேண்டும்.

பாலைத் திணையை விட்டுவிடுங்கள். குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று நம்மவர்கள் சொன்னது நம் நிலத்தைப் பார்த்து. ஜபல் ஷம்ஸ் இருக்கும் ஹஜர் மலை எதிலிருந்தும் திரியவில்லை, அதன் இயல்பே அதுதான். கிராண்ட் கேன்யனும் வேண்டாம். அந்தப் பள்ளத்துக்கு வாதி நக்ர் என்று சொந்தப் பெயர் இருக்கிறது.

ஆனால் ‘மனிதத் தடமே இல்லாத வெறுமை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் என்னால் விட முடியவில்லை.

நீங்கள் எதன்மேல் நடந்தீர்கள்?

நீங்கள் ஒரு சர்வேயர். லெவல் பார்ப்பது உங்கள் தொழில். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தின் சுவரில், இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே, ஒரு பாதை மூன்று நான்கு கிலோமீட்டர் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகிறது. ஏறும் இடத்தில் சீராக ஏறுகிறது, இறங்கும் இடத்தில் சீராக இறங்குகிறது. அது தானாக வந்ததென்றா நினைத்தீர்கள்? ஆட்டுத் தடம் அப்படி இருக்காது. ஆடு போன தடம் பத்தாகப் பிரியும், ஒரு புதரில் முடிந்துபோகும், பாறைமேல் மனிதன் ஏற முடியாத இடத்தில் ஏறும். இது கழுதைக்காகப் போட்ட பாதை. முதுகில் இரண்டு பக்கமும் சுமை தொங்க ஒரு கழுதை வழுக்காமல் போக வேண்டும், எதிரே வரும் ஆளுக்கு ஒதுங்க இடம் வேண்டும். பள்ளத்துப் பக்கம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாறை உடைந்து இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் கீழிருந்து கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன்மேல் பாதையைக் கொண்டுபோயிருக்கிறார்கள். சுண்ணாம்பில்லை, மண்கூட இல்லை, கல்லோடு கல் பொருந்தி நிற்கும் வெறும் அடுக்கு. வளைவுகளில் இரண்டு மூன்று படி. படியின் நடுவில் கல் வழவழவென்று வெளிறியிருக்கும், ஓரத்தில் அதே கல் சாம்பல் நிறத்தில் கரடாக இருக்கும். எத்தனை தலைமுறைக் கால்கள் பட்டால் சுண்ணாம்புப் பாறை அப்படித் தேயும்!

அந்த வெளிறிய கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் போனீர்கள், வந்தீர்கள். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை தீட்டியிருக்கிறார்களே, அந்தக் குறியைப் பார்த்துத்தான் திரும்பும் வழியைக் கண்டீர்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து மனிதத் தடமே இல்லை என்று எழுதுகிறீர்கள். இது நன்றியில்லாத பேச்சு, தம்பி.

திரும்பிய இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஊரே வந்திருக்கும். அஸ் ஸாப். தலைக்குமேல் கூரைபோல நீண்டிருக்கும் பாறையின் அடியில், அந்தப் பாறையையே பின்சுவராக வைத்துக் கட்டிய கல் வீடுகள். அடுப்பெரித்த கரி இன்னும் பாறையில் இருக்கும். அதற்குக் கீழே, பார்த்தாலே தலைசுற்றும் சரிவில், கல் வரப்பு கட்டி மண் நிரப்பிய பாத்திகள். மக்கள் அந்த ஊரை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நான் போனபோதே ஆளில்லை. ஆனால் ஆளில்லாத இடம் வேறு, வெறும் இடம் வேறு.

நாம் வளைகுடாவுக்குப் போகும்போதே இந்தச் சொல்லையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறோம். அங்கே ஒன்றுமில்லை, வெறும் மணலும் பாறையும், நாம் போய்த்தான் கட்டினோம் என்று. நானும் அப்படித்தான் போனேன். நிஸ்வாவில் ஃபலஜ் தாரிஸ் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். மலையடி நீரை மோட்டார் இல்லாமல், சரிவை மட்டுமே நம்பித் தோட்டத்துக்குக் கொண்டுவரும் வாய்க்கால். அதற்கு ஒரு விரற்கடை லெவல் தப்பக்கூடாது. பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று தண்ணீரைப் பங்கிட்டிருக்கிறார்கள். இப்படி ஏறத்தாழ மூவாயிரம் ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. 2006 இல் தாரிஸையும் சேர்த்து ஐந்தை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதைச் செய்தவர்கள் உங்களுக்கும் எனக்கும் முன்னால் அங்கே இருந்த சர்வேயர்கள். அவர்கள் கையில் கோணம் அளக்கும் தியோடலைட் கருவி இல்லை.

விலங்கும் உண்டு. ஹஜர் மலைச் சரிவுகளில் அரேபிய வரையாடு இருக்கிறது. நம் நீலகிரி வரையாட்டையும் இமயத்து வரையாட்டையும் இதையும் வெகுகாலம் ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள், 2005 இல் மரபணுவைப் பார்த்துத்தான் மூன்றையும் பிரித்தார்கள். மஸ்கட்டில் பல ஆண்டுகள் இருந்த ஜயகர் என்ற இந்திய மருத்துவ அதிகாரியின் பெயரை 1894 இல் அரேபிய வரையாட்டுக்கு வைத்தார்கள். நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

சரி, அந்தச் சுருளுக்கு வருகிறேன்.

நான் அப்போது மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஒரு நிறுவனத்தில் வரைவாளன். அறையில் ஆறு பேர். வாரத்துக்கு ஒரு நாள் யாருடைய குறட்டையும் கேட்காத, யாருடைய செருப்பும் தட்டாத ஓர் இடம் வேண்டும் என்று மனது எப்படித் துடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ‘வெறுமை’ என்று நீங்கள் எழுதியதற்குப் பின்னால் அந்த எட்டுக் கட்டில்கள் இருக்கின்றன. அதை நான் குறை சொல்லவில்லை. அந்த அமைதி உங்களுக்கு வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேண்டும். போய்க்கொண்டே இருங்கள்.

அன்றைக்கு ஒருவர் என்னை ஜீப்பில் விளிம்பில் இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வந்துவிடு என்று சொல்லிப் போனார். நான் ஊர்வரை நடந்தேன். திரும்பும்போது நான்கு மணி வெயில் எதிர்ச்சுவரில் விழுந்தது. அந்தச் சாம்பல் பாறை தேன் நிறமாக மாறுவதைப் பார்த்தவன் நகர முடியாது. உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு படமாக, எண்ணி எண்ணி, முப்பத்தாறையும் பள்ளத்துக்கே செலவழித்தேன். தலை நிமிர்ந்தபோது பாதை இல்லை. வெயில் சாய்வாக விழும்வரை ஒவ்வொரு கல்லும் நிழலோடு தெளிவாகத் தெரியும். வெயில் போனதும் பாதையும் பாறையும் ஒரே நிறமாகிவிடும். நான் அடுக்குமாறி ஏறிவிட்டேன். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தேன், இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக முடிந்தது. தண்ணீரும் தீர்ந்திருந்தது. ஆமாம், எனக்கும்தான். அதனால்தான் உங்கள்மேல் இவ்வளவு கோபம்.

கீழிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. அப்புறம் ஆட்டு மணி. ஒரு கிழவர், ரப்பர் செருப்போடு, நான் தவழ்ந்து ஏறிய இடத்தில் நடந்து வந்தார். என் கையைப் பிடித்து இறக்கினார். தோல் பையிலிருந்து தண்ணீர் கொடுத்தார், ஒரு பிடி பேரீச்சம்பழம் கொடுத்தார். இந்தி கொஞ்சம் தெரிந்திருந்தது அவருக்கு. என்னை முன்னே விட்டுப் பின்னால் வந்தவர், ஒரு வளைவில் நிற்கச் சொன்னார். பள்ளத்துப் பக்கச் சுவரில் ஒரு கல் வெளியே தள்ளியிருந்தது. உட்கார்ந்து அதைப் பிடுங்கி, திருப்பி, சின்னக் கல் ஒன்றை ஆப்பாகச் செருகி மறுபடி வைத்தார். உள்ளங்கையால் இரண்டு தட்டு. என்னைப் பார்த்து, இது என் அப்பா கட்டியது என்றார். ஒரு மழையில் பாதை அறுந்துபோனதாம், தகப்பனும் சித்தப்பாவும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டினார்களாம். அந்த ஊரில் இப்போது யாருமே இல்லையே, பிறகு யாருக்காகச் சரிசெய்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி புரியவில்லை. நீ இப்போது நடக்கிறாயே என்றார்.

கேமராவில் ஒரு படம்கூட மிச்சமில்லை.

பிறகு அவரைத் தேடி இரண்டு முறை போனேன். பார்க்க முடியவில்லை. 2001 இல் ஊருக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் அந்த முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளம், பள்ளம், பள்ளம். எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. உங்கள் பதினொன்றும் அப்படித்தான் இருக்கின்றன. இருபத்தொன்பதாவது படத்தில் மட்டும், கேமராவைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் போலிருக்கிறது, இடது கீழ் மூலையில் விரல் அகலத்துக்குப் பாதையின் ஓரம் வந்திருக்கிறது. ஐந்து கல். மூன்றாவது கல் வெளியே தள்ளி நிற்கிறது. அவர் சரிசெய்த கல் அதுதானா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வாங்க வேண்டாம், இருப்பதே போதும். வைடு போட்டால் ஆயிரம் மீட்டர்ச் சுவரும் வரப்பு மாதிரிச் சிறுத்துவிடும். வெளிர் பாறையைக் கேமரா தானாகவே சாம்பலாக்கும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். அங்கே காற்றில் எப்போதும் தூசி, லென்ஸைக் கழற்றாதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஷூவும் நெற்றியில் மாட்டும் விளக்கும் வாங்குங்கள்.

நவம்பரில் போங்கள். கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், அறையில் ஏழு பேர் இருக்கிறார்களே. ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். காலையில் ஏழு மணிக்குள் கிளம்பி ஊர்வரை போய்விடுங்கள். திரும்பும்போது வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாதையை எடுங்கள். ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து, பள்ளத்துப் பக்கக் கல் அடுக்கை எடுங்கள். படத்தில் அளவு தெரிய உங்கள் கையை வையுங்கள். எனக்கு அனுப்புங்கள். என் இருபத்தொன்பதாவது படத்தை இத்துடன் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஐந்து கல்லையும் உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால், மூன்றாவது கல் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். தள்ளியிருந்தால் தட்டி வைத்துவிட்டு வாருங்கள்.