ஒரே ஹைட்ரோஸ், மூன்று விதமான லேபிள்: எதை நம்புவது?

கேள்வி: கரூரில் நூல் சாயமிடும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு என்னுடையது. சாயத்தைக் கரைக்கப் போடும் ஹைட்ரோஸ் பொடியை மூன்று பேரிடம் வாங்குகிறோம். ஒருவர் தந்த பாதுகாப்புத் தரவு ஏட்டில் "தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயு வெளிவரும்" என்று இருக்கிறது. இன்னொருவர் ஏட்டில் "கண் எரிச்சல்" மட்டும்தான். மூன்றாமவர் டிரம்மில் ஆக்சிடைசர் (ஆக்சிஜன் கொடுத்து எரிவதைத் தூண்டும் பொருள்) என்று ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார். அடுத்த மாதம் பையர் ஆடிட், அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தின் சோதனை. எது சரி? ஸ்டோர் லேபிளை நாங்களே எழுதினால் என்ன எழுத வேண்டும்?

பதில்: மூன்றுமே சரியில்லை. இரண்டாவது ஏட்டில் இருப்பது பாதி உண்மைதான். முதலாவது, வீடு தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. மூன்றாவதுதான் மோசம். ஹைட்ரோஸ் ஆக்சிஜனைக் கொடுக்கிற பொருளல்ல, பிடுங்குகிற பொருள். தண்ணீரில் தானாகக் கரையாத வேட் சாயத்தைக் கரைப்பதற்கு அதைப் போடுவதே அதற்காகத்தானே? ஆக்சிடைசர் ஸ்டிக்கரை நம்பி உங்கள் ஆள் அந்த டிரம்மை, உண்மையிலேயே ஆக்சிடைசரான பெராக்சைடு கேன்களுக்குப் பக்கத்தில் அடுக்கினால் அவரைத் திட்டிப் பயனில்லை. இன்றைக்கே அந்த டிரம்களைப் பிரித்து வையுங்கள், சரியான லேபிளை ஒட்டுங்கள், ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துச் சப்ளையருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

ஜி.எச்.எஸ். எனப்படும் உலகப் பொது முறையில் ஹைட்ரோஸின் வகைப்பாடு இதுதான் (அடைப்புக்குறியில் இருப்பவை அபாய வாசகங்களின் குறியீட்டு எண்கள்): தானாகச் சூடேறும் பொருள், வகை 1 (எச்251), விழுங்கினால் கேடு, வகை 4 (எச்302), கண் எரிச்சல், வகை 2 (எச்319). இவற்றோடு ஐரோப்பிய விதிகள் சேர்க்கும் கூடுதல் எச்சரிக்கை ஒன்று: அமிலம் பட்டால் நச்சு வாயு வெளிவரும் (இ.யு.எச்.031). லாரிக்கு, அதாவது போக்குவரத்துக்கு, யு.என். 1384 (ஐ.நா. தந்த சரக்கு எண்), வகுப்பு 4.2 (தானாகத் தீப்பற்றக்கூடியவை), பேக்கிங் குழு 2 (நடுத்தர அபாயம்).

சப்ளையர் ஏட்டை இதோடு ஒப்பிடும்போது முதலில் பெயரைப் பாருங்கள். ஹைட்ரோஸின் முழுப்பெயர் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட், இன்னொரு பெயர் சோடியம் டைதயோனைட். ஒரே எழுத்து மாறி "ஹைட்ரோசல்ஃபைடு" என்று வந்தால் அது தோல் பதனிடும் தொழிலில் புழங்குகிற வேறு பொருள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது ஆளைக் கொல்லும் அழுகிய முட்டை வாயு. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஒன்றின் ஏட்டைக் காப்பியடித்து மற்றொன்றுக்குக் கொடுக்க அது போதும். அதனால் பெயரை நம்பாதீர்கள், சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாகத் தரப்பட்ட பதிவு எண்ணை நம்புங்கள். ஹைட்ரோஸுக்கு 7775-14-6. ஹைட்ரோசல்ஃபைடுக்கு 16721-80-5.

அந்த எண்ணிலும் தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. அதை விட்டுவிட்டு மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். 7775-14-6-ல் 4×1, 1×2, 5×3, 7×4, 7×5, 7×6, கூட்டினால் 126. அதன் ஒன்றாம் இலக்கம் 6, எண்ணின் கடைசி இலக்கமும் 6. பொருந்தாவிட்டால் எண் தவறு. பொருந்தினால் எண் உண்மையான வடிவில் இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். டிரம்மில் இருப்பது அதுதான் என்று ஆகிவிடாது.

அடுத்து, தரவு ஏட்டின் 16 பிரிவுகளில் இரண்டாவதையும் பதினான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டாவது அபாய வகைப்பாடு, பதினான்காவது போக்குவரத்து. இரண்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பதினான்காவதில் 4.2 என்று போட்டுவிட்டு இரண்டாவதில் "கண் எரிச்சல்" மட்டும் இருந்தால், ஏட்டை எழுதியவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார். உங்கள் இரண்டாவது சப்ளையரின் ஏட்டில் பதினான்காவது பிரிவைத் திறந்து பாருங்கள். அநேகமாக அங்கே யு.என். 1384 இருக்கும். ஐரோப்பிய ரசாயன முகமையின் இணையத் தரவுத்தளத்தில் சி.ஏ.எஸ். எண்ணைப் போட்டால் வகைப்பாடு இலவசமாகவே கிடைக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆடிட் ஃபைலில் வையுங்கள்.

இனி, முதல் சப்ளையர் எங்கே தவறினார் என்று பார்ப்போம். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் வாயுவைத் தரும் பொருள்களுக்கு 4.3 என்று தனி வகுப்பு இருக்கிறது. சோடியம் உலோகம், கால்சியம் கார்பைடு எல்லாம் அங்கே. ஹைட்ரோஸில் கொஞ்சம் ஈரம் பட்டால் வருவது தீப்பற்றும் வாயுவல்ல, வெப்பம். அந்த வெப்பத்தில் ஹைட்ரோஸே சிதைகிறது. சிதையும்போது இன்னும் வெப்பமும் சல்ஃபர் டை ஆக்சைடும் வருகின்றன. அது மூச்சை அடைக்கும், ஆனால் எரியாது. டிரம் கனன்று பக்கத்தில் இருக்கும் சாக்கோ அட்டையோ பற்றிக்கொள்வதுதான் நடைமுறையில் தீயாக முடிகிறது.

"தானாகச் சூடேறும்" என்பதைச் சோதிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் ஸ்டோரில் பல விஷயம் தானாகவே விளங்கும். கம்பிவலையால் செய்த கனசதுரக் கூடையில் பொடியை நிரப்பி 140 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 24 மணி நேரம் வைப்பார்கள். பொடி தீப்பற்றினாலோ, அடுப்பைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலோ அது தானாகச் சூடேறும் பொருள். 25 மில்லிமீட்டர் கூடையிலேயே அப்படி ஆனால் வகை 1. 100 மில்லிமீட்டர் கூடையில் மட்டும் ஆனால், பொட்டலத்தின் அளவையும் பார்த்து வகை 2. கூடையின் அளவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பக்கம் நான்கு மடங்கானால் பரப்பு 16 மடங்கு, கன அளவு 64 மடங்கு. வெப்பம் பிறப்பது கன அளவில், வெளியேறுவது பரப்பில். குவியல் பெரிதாகப் பெரிதாக வெப்பம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கைப்பிடி ஹைட்ரோஸ் தரையில் சிந்தி ஈரமானால் சும்மா நாறிவிட்டு ஓய்ந்துபோகலாம். அதே ஈரம் 50 கிலோ டிரம்மின் நடுவில் இறங்கினால் ஓயாது. "நேற்றுச் சிந்தினது ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் எடுபடாதது இதனால்தான்.

விற்கிற ஹைட்ரோஸ் 85 முதல் 90 சதவீதம் வரைதான் சுத்தம். மீதி சல்ஃபைட், சோடா போன்றவை. கலவை என்றால் வகைப்பாடு குறையுமா என்று ஆடிட்டர் கேட்கலாம். உடல்நலக் கேட்டுக்குக் கணக்குப் போட அனுமதி உண்டு. வகை 4 வாய்வழி நச்சுக்கு ஜி.எச்.எஸ். முறை தரும் மதிப்பு 500 (உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்). 85 சதவீதம் என்றால் 100-ஐ 85/500 ஆல் வகுக்க வேண்டும், விடை 588. வகை 4-ன் எல்லை 300-க்கு மேல் 2000 வரை, ஆகவே அதே வகை. கண் எரிச்சலுக்கு வாசல் 10 சதவீதம்; அதையும் எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் தானாகச் சூடேறுவதற்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அது இயற்பியல் அபாயம். சோதனை அறிக்கை வேண்டும், இல்லாவிட்டால் வகை 1 என்றே வைத்துக்கொள்ள வேண்டும். "ஸ்டெபிலைஸ்டு" என்று டிரம்மில் எழுதியிருப்பது சோதனை அறிக்கை ஆகாது.

மெஷினுக்குள் இருக்கும் கரைசல் வேறு சங்கதி. லிட்டருக்கு 5 கிராம் ஹைட்ரோஸ், 3 கிராம் காஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரோஸ் அரை சதவீதம். அதன் பேரில் எந்த எச்சரிக்கையும் வராது. காஸ்டிக் 0.3 சதவீதம், ஐரோப்பிய எல்லைப்படி 0.5-லிருந்துதான் எரிச்சல் வகை தொடங்குகிறது. காகிதத்தில் பார்த்தால் பச்சைத் தண்ணீர்! ஆனால் அதன் பி.எச். 12.9 அளவுக்கு வரும். 11.5-ம் அதற்கு மேலும் இருக்கும் கலவையை, காரத் தேக்கம் (அமிலத்தைத் தாங்கும் கார அளவு) குறைவு என்று காட்டாதவரை, தோலை அரிப்பதாக எடுத்துக்கொள்வது என்று அதே முறையில் இன்னொரு விதி இருக்கிறது. 80 டிகிரி சூட்டில் முகத்தில் தெறிக்கும் கரைசலுக்கு நான் இரண்டாவது விதியைத்தான் பிடிப்பேன். மூடி திறக்கிறவருக்கு முகக்கவசம் கட்டாயம், வெறும் கண்ணாடி போதாது.

எச்251-ஐவிட, அதாவது தானாகச் சூடேறுவதைவிட, உங்கள் ஸ்டோருக்கு உடனடிக் கவலை சல்ஃபர் டை ஆக்சைடு வாயு. ஹைட்ரோஸ் சூட்டில் சிதையும்போது, மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும், 348 கிராமுக்கு 64 கிராம் சல்ஃபர் டை ஆக்சைடு வரும். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள அறை 240 கன மீட்டர். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் அளவு 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு). கதவைச் சாத்திய அந்த அறை 100 பி.பி.எம்.-ஐத் தொட எவ்வளவு ஹைட்ரோஸ் சிதைய வேண்டும்? சுமார் 340 கிராம். இரண்டு டம்ளர்கூட இராது. இந்த வாயு காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும். ஆகவே எக்சாஸ்ட் ஃபேன் கூரையோரத்தில் மட்டும் இருந்தால் போதாது. தரையோரமும் காற்று வெளியேற வழி வேண்டும். ஆஸ்துமா உள்ளவரை ஹைட்ரோஸ் எடை போடும் வேலையில் வைக்காதீர்கள்.

அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் வேறு அறையில் இருக்கட்டும். பெராக்சைடும் ஹைப்போகுளோரைட்டும் அதற்கும் வேறு இடத்தில். "பக்கத்தில்தானே இருக்கிறது, மூடிதான் போட்டிருக்கிறதே" என்பது ஸ்டோர்களில் அடிக்கடி கேட்கிற வசனம். டிரம்மைத் தரையில் வைக்காமல் பிளாஸ்டிக் பேலட்டில் வையுங்கள். மேலே நீராவிக் குழாயோ ஒழுகும் ஓடோ இருக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பாலிதீன் பையை ஒவ்வொரு முறையும் முறுக்கிக் கட்டிய பிறகே மூடி. அள்ளும் கரண்டி அந்த டிரம்முக்கென்றே இருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையுறையோடு அள்ளுவதும், மெஷின் பக்கம் போய் வந்த குவளையை உள்ளே விடுவதும், சிந்தியதைக் கூட்டி அதே டிரம்மில் கொட்டுவதும்தான் டிரம் சூடேறுவதற்குப் பழகிப்போன காரணங்கள். கரைக்கும்போது முதலில் தண்ணீர், பிறகு காஸ்டிக், கடைசியில் ஹைட்ரோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக. பொடியின் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வகைப்பாட்டுக்குள் அடங்காத ஒரு விஷயமும் இருக்கிறது. 1995 ஏப்ரல் 21 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் லோடை என்ற ஊரில், அலுமினியப் பொடி, ஹைட்ரோஸ், பொட்டாசியம் கார்பனேட், பென்சால்டிஹைடு ஆகியவற்றைக் கலக்கும் பிளெண்டருக்குள் தண்ணீர் புகுந்து வெடித்தது. 5 தொழிலாளர்கள் இறந்தார்கள். லேபிள் ஒரு பொருளைத் தனித்தனியாகத்தான் சொல்லும். இன்னொன்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஏட்டின் பத்தாவது பிரிவில் இருக்கும். அந்தப் பிரிவு "சாதாரண நிலையில் நிலையானது" என்ற ஒரே வரியோடு நின்றிருந்தால் ஏட்டைத் திருப்பி அனுப்புங்கள். 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயனங்கள் விதிகளில் 17-ஆவது விதி, தரவு ஏட்டைப் பெறுவதையும் கொள்கலத்தில் அடையாளம் எழுதுவதையும் பேசுகிறது. சப்ளையருக்கு எழுதும் கடிதத்தில் அந்த விதி எண்ணைப் போட்டால் பதில் கொஞ்சம் வேகமாக வரும்.

ஸ்டோர் லேபிளில் தமிழில் இப்படி எழுதலாம்: "ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட்), 7775-14-6. அபாயம். தானாகச் சூடேறும், தீப்பற்றலாம். விழுங்கினால் கேடு. கண்ணை மிகவும் எரிக்கும். அமிலம் பட்டால் நச்சு வாயு. ஈரம் படக் கூடாது." மேலே இரண்டு படங்கள்: தீச்சுடர், ஆச்சரியக்குறி. மண்டையோடு வேண்டாம், அது இந்த வகைப்பாட்டில் இல்லை. பயமுறுத்தவென்று எல்லா டிரம்மிலும் மண்டையோடு ஒட்டினால், உண்மையிலேயே வேண்டிய டிரம்மிலும் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். சப்ளையர் பெயர், வந்த தேதி, திறந்த தேதி மூன்றும் கீழே.

தீ விஷயத்தை மட்டும் சுவரில் தனியாக எழுதி மாட்டுங்கள், ஏனென்றால் இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தப்புச் செய்வார்கள். டிரம் வெளிப்புறம் சூடாக இருந்தாலோ, தீக்குச்சி எரிந்த நெடி வந்தாலோ ஆட்களைக் காற்று வரும் திசைப்பக்கம் வெளியே அனுப்புங்கள், மூடியைத் திறக்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீர் தீயை வளர்க்கும். மணலும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பயன்படாது. ஹைட்ரோஸ் சிதைவதற்குக் காற்று தேவையில்லை, ஆகவே காற்றுப் புகாமல் போர்த்தி அணைக்க முடியாது. வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி யு.என். 1384-க்கென்று தனியாகச் சொல்வது வெள்ளம்போல் தண்ணீர்: தூரத்திலிருந்து, ஹோஸில், நிற்காமல். அதைச் செய்யக் காற்றுச் சிலிண்டர் மாட்டிய தீயணைப்பு வீரர்கள் வேண்டும். 101-க்கு அழைக்கும்போது "ஹைட்ரோஸ், யு.என். 1384" என்று சொல்லுங்கள். ஓடும் தண்ணீர் அமிலக் கழிவுத் தொட்டிக்குள் போகாதபடி வாய்க்காலை முன்கூட்டியே அடைக்க ஏற்பாடு செய்து வையுங்கள்.