கரிப் பற்பொடி வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது நெடுங்கேணிப் பக்கம். எங்கள் குழாய்க் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் புளோரைட் இருக்கிறதாம். மூத்தவனுக்கு 11 வயது, முன்பற்களில் பழுப்புக் கோடுகள். சந்தையில் கரிப் பற்பொடி விற்பவர், "இதில் புளோரைட் இல்லை, கறையும் போகும்" என்கிறார். 4 வயதுச் சின்னவளுக்கும் சேர்த்து இதையே வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா, இரண்டு பேருக்குமே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், மூத்தவனின் கோடுகள் மேலே படிந்த காவி அல்ல. பல் முரசுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வயதில் குடித்த தண்ணீரால் மிளிரிக்குள்ளேயே, அதாவது பல்லின் கடினமான மேற்படைக்குள்ளேயே, வந்த நிறம். கரியோ செங்கல் தூளோ போட்டுத் தேய்த்தால் மிளிரிதான் தேயும், அது திரும்ப வளராது. அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள், அங்கே கட்டணம் இல்லை.

"புளோரைட் இல்லை" என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்பதுதான் எனக்குக் கவலை. பல்லின் மேல் படும் புளோரைட் சூத்தையைத் தடுக்கிறது. தீங்கு, வளரும் வயதில் அளவுக்கு மிஞ்சி விழுங்குவதால். கணக்கைப் பாருங்கள்: 1000 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் 1000 பங்கு புளோரைட்) பற்பசையில் ஒரு பட்டாணி அளவு, சுமார் கால் கிராம், எடுத்தால் அதில் கால் மில்லிகிராம் புளோரைட்தான், அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். உங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு லீற்றர் குடித்தாலோ 2 மில்லிகிராம் அப்படியே வயிற்றுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

ஆகவே பற்பொடிக்கு வைத்த காசைச் சின்னவளின் தண்ணீருக்குச் செலவழியுங்கள். ஆர்.ஓ. முறையில் (மிக நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டி) சுத்திகரித்த தண்ணீரை அவள் குடிக்கவும் அவளுக்குச் சமைக்கவும் வாங்குங்கள். கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். தேயிலையிலும் புளோரைட் உண்டு, அவளுக்குச் சாயம் கூடின தேத்தண்ணி பழக்காதீர்கள்.

பற்பசை வாங்கும்போது விளம்பரத்தை விட்டுவிட்டு, பெட்டியில் புளோரைட் அளவையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் போதும், விலை கூடினால் பலனும் கூடும் என்றில்லை. சின்னவளுக்கு 1000 பிபிஎம், பட்டாணி அளவு, நீங்களே பிதுக்கிக் கொடுங்கள். (3 வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு.) பிரஷ் மென்மையானதாக இருக்கட்டும், மூன்று மாதத்தில் மாற்றுங்கள், நார் விரிந்தால் அதற்கு முன்பே.

தீட்டும் முறையும் சொல்லிவிடுகிறேன். பிரஷைப் பல்லும் முரசும் சேரும் இடத்தில் சரித்துப் பிடித்து, அழுத்தாமல், சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம். காலையிலும் படுக்கப் போகும் முன்பும். இரவில் தீட்டுவதைத் தவறவிடவே வேண்டாம். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் காசு கொடுத்து வாங்கிய புளோரைட்டும் அதோடு போய்விடும்.

அப்புறம், பெட்டியில் அச்சிட்ட ஆகக்கூடிய விலைக்கு மேல் யாராவது கேட்டால் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.