சுகாதார ஏற்றத்தாழ்வு பற்றிய செய்தியில் எண் முக்கியமா, மனிதர்களின் குரல் முக்கியமா?

இதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கிற விஷயமாக நான் பார்ப்பதில்லை. காரைக்குடியில் இருந்து சுற்றுவட்டாரச் செய்திகளை எழுதுகிறவன் நான். எனக்கு எண்ணில் இருந்துதான் கேள்வி பிறக்கிறது. பதிலைத் தேடி ஆட்களிடம் போகிறேன்.

ரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16இல் அது 55. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைத்தும் ஏன் இவ்வளவுதான் குறைந்தது? அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை. நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்கரைக்கு வரும் பெண்களிடம் கேட்டால் கிடைக்கிறது. "மாத்திரை குடுக்கத்தான் செய்யிறாக. தின்னா வயித்தப் பிரட்டுது, வெளிக்கி கறுப்பாப் போகுது. பயந்து நிறுத்திட்டேன்" என்றார் ஒருவர். இன்னொருவர் டீயோடு விழுங்குகிறார். டீ இரும்புச்சத்தைச் சரியாகச் சேரவிடாது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பது கொடுத்த மாத்திரையின் கணக்கு. உள்ளே போனது எவ்வளவு என்பதுதான் நாம் எழுதவேண்டிய செய்தி. கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம் என்பதையும் கூடவே எழுதவேண்டும். வெறும் பேச்சை மட்டும் போட்டால் படிக்கிறவரும் மாத்திரையை நிறுத்திவிடுவார்.

அப்புறம், சராசரி. காரைக்குடி டவுனில் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகிறவரும், பஸ்ஸை விட்டால் மத்தியானம் வரை காத்திருக்கும் ஊர்க்காரரும் சிவகங்கை மாவட்டம் என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேட்டி எடுப்பது போதாது. அங்கே நிற்பவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தவர்கள். வராமலே இருப்பவர் வீட்டுக்கு நாம்தான் போகவேண்டும். அது அலைச்சல்தான், ஆனாலும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பெயரை மறைப்பது பற்றியும் சொல்லவேண்டும். ஊர், வேலை, வயது மூன்றையும் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிப் பிரயோசனம் இல்லை. 'ஆத்தங்குடிப் பக்கம் கல் பட்டறையில் வேலை பார்க்கும் இளம் விதவை' என்றால் நம் பக்கத்தில் வீட்டையே காட்டிவிடுவார்கள். ஆகவே அவர் பேசிய பகுதியை அச்சுக்குப் போகுமுன் அவருக்கே படித்துக்காட்டுகிறேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், செய்தியிலேயே நல்ல வரி அதுவாக இருந்தாலும்.