அறிவியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே, அதில் பண்பாடு எங்கே வருகிறது?

கிரகணம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைக் கணிக்கும் அறிவு எந்த வடிவில் இருக்கும் என்பதில்தான் ஊர் நுழைகிறது.

1825-ல், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றியிருந்த ஜான் வாரன் பதிவு செய்ததைப் பாருங்கள். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கியே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அட்டவணை முழுவதும் மனப்பாடம். தொடக்க நேரத்தில் பிழை சுமார் 4 நிமிடம்தான். (முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிசகியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, எண்களை எப்படி மனப்பாடம் செய்வது? எழுத்துக்கு ஓர் எண். 'கீர்ந ச்ரேய' என்ற வடமொழித் தொடரில் க 3, ந 0, ர 2, ய 1. வலமிருந்து படித்தால் 1203, அதாவது சந்திரன் முதல் நாளில் நகரும் 12 பாகை 3 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). இப்படி நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். நிலா புவிக்கு மிக அருகில் வந்து போகும் சுற்று ஒன்பது முடிய ஏறக்குறைய அத்தனை நாள்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதுகிறார். தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. நாள் பார்க்க வந்தவர்கள் கேட்டது விடையை மட்டும்தானே.