கை போகவில்லை அண்ணே, கண்தான்

47 வயதாகிறது, வெல்டிங் ராடு பிடித்தால் ஜாயிண்ட் கோடு தெரியாமல் பீடு (உருகிப் படியும் உலோக வரி) பக்கத்தில் ஓடிவிடுகிறது, கைப்பழக்கமே போய்விட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கை போகவில்லை. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிக் கிட்டப் பார்வை மங்கும், எனக்கும் 44-ல் இதே கதைதான்.

நீங்கள் போட்டிருக்கும் பைஃபோகலில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது, ஆனால் ஹெல்மெட்டுக்குள் நாம் நேராகத்தான் பார்க்கிறோம், அதனால் தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலிதான் மிச்சம். வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்து, கண்ணிலிருந்து ஜாயிண்ட் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள் (எனக்கு 45 செ.மீ. வந்தது), அந்தத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவரில் தனிக் கண்ணாடி கேளுங்கள். இல்லையென்றால் ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்கு உள்பக்கம் செருகும் பெரிதாக்கும் லென்ஸ் விற்கிறது. அது கூடுதலாகத்தான், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அல்ல.

அப்புறம் வெளிச்சம். ஜாயிண்ட் மேலேயே ஒரு எல்.இ.டி விளக்கைத் திருப்பி வையுங்கள், ஓரமாகச் சாக்பீஸ் கோடு இழுங்கள். கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கண்ணாடி பொறி தெறித்துப் புள்ளி விழுந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 100 ஆம்ப்ஸ் கரண்ட்டுக்கு ஷேடு (கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்ற எண்) 10 போதும், 12 வேண்டாம். தெரியவில்லை என்று அதற்குக் கீழே இறக்கவும் கூடாது.

விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். சுகர் இருந்தால் விழித்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.