புது கிராஸ் போட்ட பிறகு அதிர்வு ஏன்? பட்டறைக் கேள்வி–பதில்

கேள்வி: காய்கறி ஏற்றும் பிக்கப். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் அதைத் தாங்கும் சென்டர் பேரிங். பின் கிராஸில் (யுனிவர்சல் ஜாயின்ட், ஷாஃப்ட் மடங்கும் மூட்டு) ஆட்டம் இருந்ததால் ஷாஃப்ட்டை இறக்கிப் புதுசு போட்டோம். அதிலிருந்து 55-ஐத் தாண்டினால் சீட்டும் தரையும் கிறுகிறுவென்று அதிர்கின்றன. ஸ்டீயரிங் ஆடவில்லை. வீல் பேலன்சிங் இரண்டு தடவை பார்த்தாயிற்று. டயரை மாற்றிவிடலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: டயருக்குப் பணம் போடாதீர்கள். சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள டயர் 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 8 சுற்றுதான் சுற்றும். அதில் கோளாறு என்றால் உடம்பையே குலுக்குகிற மாதிரி மெதுவாகத் தெரியும். டிஃப்ரன்ஸ் (பின் அச்சின் கியர்) விகிதம் 4.1, அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று என்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு 32 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. எடை ஒருபக்கம் சாய்ந்திருந்தால் சுற்றுக்கு ஒரு அதிர்வு, கிராஸ் கோணம் தப்பினால் சுற்றுக்கு இரண்டு. நீங்கள் சொல்லும் 'கிறுகிறு' இந்த ரகம்தான்.

உறுதி செய்ய, காலியான நேர்ச்சாலையில் 60-ஐப் பிடித்து நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறியும் அதிர்வு மாறவில்லை என்றால் இன்ஜின், கிளட்ச் இரண்டும் கணக்கில் இல்லை. பிறகு நியூட்ரலில் விட்டுப் பாருங்கள், அப்போதும் அதிர்ந்தால் இன்ஜின் பக்கம் இல்லை. இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். பிரேக் பூஸ்டர் கைவிட்டுவிடும்.

கிராஸ் மாற்றிய அன்றே அதிர்வு தொடங்கியதால் முதல் சந்தேகம் ஸ்லீவ் (ஷாஃப்ட்டின் பல் முனையில் நுழைந்து வழுக்கும் குழாய்) பல் மாறி ஏறியிருப்பது. கோணத்தில் சுற்றும் கிராஸ் சுழற்சியைச் சீராகக் கடத்தாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 10 டிகிரி கோணத்தில் இது சுமார் 1.5 சதவீதம். அந்தக் கோணலை இன்னொரு கிராஸ்தான் எதிர்ப்பக்கம் இழுத்து நேராக்குகிறது. அதற்கு யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) சரியான தளத்தில் நிற்க வேண்டும். 16 பல் ஸ்ப்ளைனில் (பல் வெட்டிய முனையில்) ஒரு பல் தவறினாலே 22.5 டிகிரி போய்விடும்.

ஸ்லீவையும் ஷாஃப்ட்டையும் மண்ணெண்ணெய், கம்பி பிரஷ் கொண்டு சுத்தம் செய்தால் இரண்டிலும் அம்புக்குறியோ புள்ளியோ தெரியும். அவை நேருக்கு நேர் இருக்க வேண்டும். குறி அழிந்து போயிருந்து, ஸ்லீவ் பின் துண்டிலேயே இருந்தால், அந்தத் துண்டின் இரு முனை யோக்கும் ஒரே தளத்தில் வரும்படி மாட்டுங்கள். ஸ்லீவ் சென்டர் பேரிங்கை ஒட்டி இருந்தால் ஊகிக்க வேண்டாம். அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். இறக்குவதற்கு முன் ஒரு பெயின்ட் கோடு இழுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

குறி சரியாக இருந்தால் கிராஸைக் கையால் மடக்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, சிக்காமல் மடங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் என்றால், கப்பை (கிராஸ் முனையில் ஏறும் ஊசி பேரிங் கிண்ணத்தை) அடித்து இறக்கும்போது ஒரு ஊசி ரோலர் சாய்ந்து அடியில் படுத்திருக்கும். கப்பைப் பூட்டும் சர்க்ளிப் வளையமும் காடிக்குள் முழுதாக உட்கார்ந்திருக்காது. கழற்றி, ஊசிகளைக் கெட்டியான கிரீஸில் ஒட்டவைத்து மறுபடி ஏற்றுங்கள். வெறும் இறுக்கம்தான் என்றால் யோக் காதில் லேசாக ஒரு தட்டுத் தட்டினால் இளகும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் ஷாஃப்ட் பைப்பில் பேலன்ஸ் தகடு பிய்ந்த வெல்டிங் தழும்பு இருக்கிறதா, காய்ந்த சேறோ தாரோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் வைத்து நடுவில் வளைவு பாருங்கள், அரை மி.மீ. தாண்டினாலே சந்தேகம், 1 மி.மீ. தாண்டினால் பேலன்சிங் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான். பின்பக்க ஃபிளேஞ்சை (டிஃப்ரன்ஸோடு போல்ட்டில் இணையும் தட்டை) 180 டிகிரி திருப்பி மாட்டியே அதிர்வு பாதியாகக் குறைவதும் உண்டு. செலவில்லாத வேலை, முயன்று பார்க்கலாம்.

கேள்வி: பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூட்டினோம். அதன் பிறகு காலி வண்டியை முதல் கியரில் எடுக்கும்போது அடியில் உதறுகிறது. 25 தாண்டினால் இல்லை. முழு லோடில் குறைவு.
– வாசகர், பண்ருட்டி

பதில்: முதலில் கிளட்சா என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெடலை முழுதாக விட்டவுடன் உதறல் நின்றால் கிளட்ச். விட்ட பிறகும் தொடர்ந்தால் ஷாஃப்ட். அடுத்து சென்டர் பேரிங் ரப்பரை லீவர் கம்பியால் நெம்பிப் பாருங்கள், கிழிந்திருந்தால் அங்கேயே முடிந்தது.

ரப்பர் நன்றாக இருந்தால் கோணம்தான். பட்டை கூட்டியதில் பின்பக்கம் தூக்கி, காலி வண்டியில் பின் துண்டின் சாய்வு கூடிவிட்டது. முதல் கியரின் முறுக்கில் டிஃப்ரன்ஸ் மூக்கும் மேலே எழும். சமதரையில், வண்டி தன் காலில் நிற்கும்போது, மொபைல் சாய்வுமானியை முன் துண்டு, பின் துண்டு, டிஃப்ரன்ஸ் மூக்கில் உள்ள பினியன் ஃபிளேஞ்ச் மூன்றிலும் வைத்து அளவு எடுங்கள். முன் துண்டு 3, பின் துண்டு 9, பினியன் 5 டிகிரி என்றால் ஒரு கிராஸில் 6, மற்றதில் 4. இந்த 2 டிகிரி வித்தியாசம் அதிகம், 1-க்குள் நிற்க வேண்டும். இரண்டும் சமமாகவே இருந்தாலும் 6 என்பது பெரிய கோணம், கிராஸ் சீக்கிரம் தேயும். பட்டைக்கும் பின் அச்சு ஹவுசிங்குக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்தோ, சென்டர் பேரிங் பிராக்கெட்டில் வாஷர் கூட்டியோ சரிக்கட்டலாம். லோடு வண்டிக்கு அலுமினிய ஆப்பு ஆகாது. யூ போல்ட் நட்டுகளை 500 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். கூட்டிய பட்டையில் ஒன்றை எடுத்துவிடுவது இதையெல்லாம் விட நல்லது, லோடுதான் சம்மதிக்காது.

கேள்வி: கிராஸுக்கு என்ன கிரீஸ், எவ்வளவு?
– வாசகர், மணப்பாறை

பதில்: லித்தியம் இபி 2 (அதிக அழுத்தம் தாங்கும் ரகம்). நிப்பிளை (கிரீஸ் அடிக்கும் வாயை) துடைத்துவிட்டு, நான்கு கப்பு ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். 5,000 கி.மீ.க்கு ஒருமுறை, சேறு, தண்ணீரில் ஓடியிருந்தால் அதற்கும் முன்பே. கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் தீர்ந்து துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கப்பில் மட்டும் கிரீஸ் வரவில்லை என்றால் ஷாஃப்ட்டை அசைத்துக்கொண்டே அடித்துப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்தக் கிராஸை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பெயின்ட் கோடு போட மறக்காதீர்கள்.