சிறிய கல்லூரி நூலகத்தைக் கணினிமயமாக்க எந்த மென்பொருள் நல்லது? எங்கிருந்து தொடங்குவது?

6,000 புத்தகம், ஒரு கணினி, புதிதாக வந்த பார்கோடு ஸ்கேனர் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கல்லூரி நூலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளைப் போடுங்கள். ஆனால் இந்த மாதமே வேண்டாம். முதலில் உங்கள் புத்தகப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் பட்டியல் முழுவதையும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். மென்பொருளில் ஏற்றியதும் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நின்றன. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் எந்தக் கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தது. உங்களிடமும் பழைய பட்டியல் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இனி அடிப்பதெல்லாம் யூனிகோடாகவே இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகிவிட்டால் வேகம் தானாக வரும்.

யூனிகோடுக்கு மாற்றியும் தேடினால் புத்தகம் கிடைக்காமல் போகும் இடங்கள் உண்டு. எனக்கு அதிக நாள் பிடித்த வேலை இதுதான். 'ஸ்ரீ'யை ஸ-வில் தொடங்கியும் அடிக்கலாம், ஶ-வில் தொடங்கியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு. 'கௌரி'யைச் சிலர் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரம் சேர்த்து அடித்திருப்பார்கள். எக்செல்லில் தேடி மாற்றும்போது 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள். 'கெளுத்தி'யும் சேர்ந்து மாறிப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

அடுத்து ஆசிரியர் பெயர். ஒரே ஆளை 'மு.வ.', 'டாக்டர் மு. வரதராசன்', 'வரதராசனார்' என்று மூன்று விதமாகப் பதிந்திருந்தால், மாணவருக்கு மூன்றில் ஒரு பங்கு புத்தகம்தான் கண்ணில் படும். ஒரு வடிவத்தை முடிவு செய்து நோட்டில் எழுதி வையுங்கள். முன்னெழுத்துக்குப் பின் புள்ளியா, இடைவெளியா என்பது வரை எழுதுங்கள். பின்னாளில் கோஹாவில் இதையே ஆசிரியர் பெயர்க் கோப்பாக வைத்துக்கொள்ளலாம்.

எக்செல்லில் இன்னும் இரண்டு கண்ணிகள். புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை அப்படியே அடித்தால் அது 9.78-க்குப் பக்கத்தில் ஈ என்ற ஆங்கில எழுத்து, கூட்டல் குறி, 12 என்று சுருங்கித் தெரியும். அதை மென்பொருளில் ஏற்றுவதற்காக சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போயே போய்விடும். நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கும் அக்சஷன் நம்பரில் முன்னால் வரும் சுழியங்களும் காணாமல் போகும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

ஸ்கேனரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. கணினிக்கு அது இன்னொரு கீபோர்டு, அவ்வளவுதான். நோட்பேடைத் திறந்து ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் காட்டுங்கள், எண் தானாக விழும்.

இனி மென்பொருள். கோஹா நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குப் பரிசு என்று பொருள். முழுக்க இலவசம். லினக்ஸில் ஓடும் என்பதால் கல்லூரியில் லினக்ஸ் தெரிந்த ஒருவரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அரசு நூலகம் என்றால் தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவையும் பாருங்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்கு பிற நூலகங்களின் பட்டியலில் தேடித்தரும் கோஹாவின் இசட்39.50 தேடலில் ஐஎஸ்பிஎன்னைக் கொடுத்தால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பதிவு அப்படியே வந்து விழும், தட்டச்சு வேலை பாதி மிச்சம். தமிழ்ப் புத்தகப் பதிவுகள் அங்கே பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும் என்பதால், அவற்றை நம் கையால் அடிப்பதே நல்லது.

காப்புப் பிரதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் தினமும் பேக்கப் எடுத்தோம், அதே கணினியின் டி டிரைவில். ஹார்டு டிஸ்க் போனபோது இரண்டும் சேர்ந்தே போயின. எட்டு மாத வேலையை அக்சஷன் ரெஜிஸ்டரைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். ஒரு பிரதி வெளி டிரைவில், இன்னொன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். ரெஜிஸ்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

உங்களிடம் இல்லாத புத்தகத்தை மாணவர் கேட்டால் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா ஆகிய நான்கையும் நூலகக் கணினியின் முகப்பிலேயே வைத்துவிடுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்காக என்விடிஏ திரைவாசிப்பானையும் நிறுவுங்கள். அதுவும் இலவசம், தமிழையும் வாசிக்கும்.

நாளைக்கு ஒரே ஒரு ரேக்கை மட்டும் எடுத்துப் பதியுங்கள். எங்கே இடிக்கிறது என்று கருத்தில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.